முதல் மழையைப் பிடிக்கக் கூடாது

மழைத்தண்ணி விஷயத்தில் எங்கள் ஆயாவிடம் ஒரு சட்டம் இருந்தது. "மொத மழைய புடிக்கக் கூடாதுடா. அது ஊரு அழுக்கையெல்லாம் கழுவிக்கினு வரும். ரெண்டாவது மழைலருந்துதான் அண்டா வெக்கணும்."

பூந்தமல்லி பக்கத்தில் ஓட்டு வீடு. கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் கொட்டும் இடத்தில் ஒரு பித்தளை அண்டா. வாயில் பழைய வேட்டித் துணி கட்டியிருக்கும். கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதில் துவரம்பருப்பு வேகாது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை முழுக்க அந்த வீட்டில் பருப்பு வெந்தது மழைத்தண்ணீரில்தான். "மண்ணுல படாத தண்ணி, அத விட சுத்தம் ஏது?" என்பார்.

அப்பா பிறந்தது 1962 ஐப்பசியில். அந்தப் பருவமழைத் தண்ணீரைக் காய்ச்சித்தான் பிள்ளை பெற்ற ஆயா குடித்திருக்கிறார், பிள்ளைக்கும் சங்கில் புகட்டியிருக்கிறார்.

சில வருடங்களுக்கு முன் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது ஒரு கிராஃப் கண்ணில் பட்டது. கனடாவின் ஒட்டாவா நகரத்து மழைநீரில் 1953லிருந்து அளக்கப்பட்ட ட்ரிட்டியத்தின் அளவு. என் வேலை சர்வர்களைக் கண்காணிப்பது. தட்டையாகப் போய்க்கொண்டிருக்கும் கோடு திடீரென்று செங்குத்தாக எழுந்தால், எங்கோ ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம், யாராவது ராத்திரி எழுந்து பார்த்தாக வேண்டும். இந்தக் கிராஃபிலும் அப்படி ஒரு எழுச்சி இருந்தது. 1954ல் சின்ன மேடு, 1958ல் இன்னொரு மேடு, பிறகு கொஞ்சம் இறக்கம், 1962லிருந்து ஏற்றம், 1963ல் மலை. அந்த மலையின் அடிவாரத்தில்தான் எங்கள் ஆயாவின் அண்டா இருந்தது.

*

ட்ரிட்டியம் என்பது ஹைட்ரஜனின் கனமான உறவுக்காரன். கதிரியக்கம் உள்ளது. அரை ஆயுள் 12.3 ஆண்டு, அதாவது இன்று நூறு அணு இருந்தால் 12.3 வருடம் கழித்து ஐம்பதுதான் மிச்சம். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல்காற்றில் மோதும்போது இயற்கையாகவே இது கொஞ்சம் உண்டாகும். எவ்வளவு கொஞ்சம் என்றால், ஒன்றுக்குப் பின்னால் பதினெட்டு சைபர் போடுங்கள், அத்தனை ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்று ட்ரிட்டியமாக இருந்தால் அது ஒரு 'ட்ரிட்டியம் அலகு'. குண்டுகளுக்கு முந்தைய மழையில் ஏறத்தாழ ஒற்றை இலக்கத்திலிருந்து இருபது அலகு வரை இருந்தது. 1963ல் ஒட்டாவாவில் அது ஆயிரக்கணக்கில் போயிற்று.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஸ்ட்ரான்ஷியம்-90, சீசியம்-137 போன்றவை தூசியாக மழையோடு இறங்கும், மண்ணில் ஒட்டிக்கொள்ளும், வடிகட்டினால் ஓரளவு நிற்கும். ட்ரிட்டியம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து தானே தண்ணீராகிவிடுகிறது. அது தண்ணீரில் இருக்கும் பொருள் அல்ல, அதுவே தண்ணீர். இன்றைக்கு நம் வீட்டில் இருக்கும் ஆர்.ஓ. மெஷின்கூட அதைப் பிரிக்காது.

ஆக, ஆயாவின் சட்டம் பாதி சரி. காற்றிலும் கூரையிலும் இருக்கும் தூசியில் பெரும்பகுதியை முதல் மழை கழுவிக்கொண்டு வருகிறது, அதை விட்டுவிட்டால் தூசி குறையும். அணுகுண்டுத் தூசிக்கும் இது பொருந்தும். ஆனால் ட்ரிட்டியத்துக்கு முதல் மழை, ரெண்டாவது மழை என்ற பேதம் கிடையாது.

*

அணுகுண்டை மழை காட்டிக்கொடுத்த கதை ஃபோட்டோ ஃபிலிமில் தொடங்குகிறது. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் குண்டு வெடித்தது. பரம ரகசியம். அந்த ஆண்டே கோடாக் கம்பெனியின் எக்ஸ்ரே ஃபிலிம்களில் விளங்காத கரும்புள்ளிகள் வந்தன. ஜூலியன் வெப் என்ற கோடாக் விஞ்ஞானி துருவிப் பார்த்தார். ஃபிலிமில் குற்றமில்லை, அதைப் பொதிந்திருந்த வைக்கோல் அட்டையில் இருந்தது. அந்த அட்டை செய்யப்பட்டது இண்டியானா மாநிலத்தின் வின்சென்ஸ் ஊர் ஆலையில். ஆலைக்குத் தண்ணீர் வபாஷ் நதியிலிருந்து. வெடித்த இடத்திலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் காற்றில் போன தூசியை மழை இறக்கி, நதியில் சேர்த்து, அட்டைக்குள் அனுப்பியிருந்தது. வெப் அதை சீரியம்-141 என்று அடையாளம் கண்டு 1949ல் கட்டுரையாக வெளியிட்டார்.

இதற்குப் பின் நடந்ததுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. 1951ல் நெவாடாவில் சோதனைகள் தொடங்கியதும் கோடாக் புகார் செய்தது. அமெரிக்க அணுசக்தி ஆணையம் ஒப்புக்கொண்டு, சோதனைகள் பற்றி ஃபிலிம் கம்பெனிகளுக்கு முன்கூட்டியே தகவல் தர ஆரம்பித்தது. ஃபிலிம் கெடாமல் பார்த்துக்கொள்ள வசதி. அதே மழை விழுந்த புல்லை மாடு மேய்ந்து, அந்தப் பாலைக் குடித்த பிள்ளைகளின் வீடுகளுக்கு அந்தத் தகவல் போகவில்லை.

*

இந்தக் கதையில் நமக்கும் ஒரு அத்தியாயம் உண்டு. அது பம்பாயில், கேட்வே ஆஃப் இந்தியா பக்கத்தில், பழைய யாட் கிளப் கட்டடத்தில் நடந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அப்போது அங்கேதான் இருந்தது.

பெர்னார்ட் பீட்டர்ஸ் என்று ஒரு இயற்பியலாளர். ஜெர்மனியில் பிறந்த யூதர், நாஜிகளின் டாஹாவ் முகாமில் அடைபட்டுத் தப்பியவர். அமெரிக்கா போய் பெர்க்லியில் ஓப்பன்ஹைமரிடம் படித்தார். 1949ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஓப்பன்ஹைமர் தன் பழைய மாணவரைக் கம்யூனிஸ்ட் சார்புள்ளவராகப் பேசிய விஷயம் பத்திரிகைக்குக் கசிந்தது. அதன் பிறகு பீட்டர்ஸுக்கு அங்கே நிம்மதி இல்லை. 1951ல் ஹோமி பாபாவின் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். அணுகுண்டைச் செய்த குருநாதரின் சீடர் பம்பாயில் உட்கார்ந்து மழையை ஆராயத் தொடங்கினார்.

அவரும் தேவேந்திர லால் என்ற இளைஞரும் மற்றவர்களும் தேடியது குண்டின் தடயத்தை அல்ல. காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் அபூர்வ அணுக்கள் மழையில் கிடைக்குமா என்று பார்த்தார்கள். பெரிய பரப்பில் விழும் மழையைத் திரட்டி, ரசாயன முறையில் தேவையானதை மட்டும் பிரித்தெடுத்து, கதிர் எண்ணும் கருவியின் கீழ் வைத்துக் காத்திருக்க வேண்டும். 1956ல் பம்பாய் மழையில் பெரிலியம்-7 கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு சிகாகோ மழையிலும் அது கண்டறியப்பட்டிருந்தது. அதே 1956ல் பி.எஸ். கோயல் மழைநீரில் கதிரியக்கக் கந்தகத்தைக் கண்டார். 1957ல் பாஸ்பரஸின் இரண்டு வடிவங்கள் கிடைத்தன. காசு அதிகம் தேவைப்படாத, பொறுமை அதிகம் தேவைப்படும் அறிவியல். பருவமழை நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சி உண்டா?

ஆனால் வானம் அதற்குள் கலங்கிவிட்டிருந்தது. பெரிலியம்-7 ஏறத்தாழ முழுக்க காஸ்மிக் கதிரின் வேலை, அதில் சிக்கல் இல்லை. கந்தகம், ட்ரிட்டியம் போன்றவற்றில் இயற்கை எது, குண்டு எது என்று பிரிப்பது கஷ்டம். அமெரிக்காவில் வில்லார்ட் லிப்பி இதே முட்டுச்சுவரில் மோதினார். குண்டுக்கு முன்னால் மழையில் எவ்வளவு ட்ரிட்டியம் இருந்தது என்று தெரிய வேண்டும், பழைய மழைக்கு எங்கே போவது? அவர் பழைய ஒயினை எடுத்தார். மூடி போட்ட பாட்டிலில் அந்தந்த வருடத்து மழை அப்படியே உட்கார்ந்திருந்தது. இதே லிப்பிதான் 1954லிருந்து அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் உறுப்பினராக இருந்து, குண்டுத் தூசியால் பெரிய ஆபத்தில்லை என்று பொதுமக்களிடம் வாதாடிக்கொண்டும் இருந்தார்.

*

1954 மார்ச் 1. பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் பலம் 15 மெகாடன். எதிர்பார்த்ததைப் போல இரண்டரை மடங்கு. ரோங்கலாப் தீவு மக்கள் மீது வெள்ளைச் சாம்பல் பொழிந்தது. கடலில் இருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகில் 23 பேர் சிக்கினார்கள், செப்டம்பரில் அவர்களில் ஒருவர் இறந்தார். ஏப்ரல் 2 அன்று நேரு மக்களவையில் பேசினார்: ஆயுத ஒழிப்பு ஒப்பந்தம் வரும்வரை, சோதனைகளையாவது நிறுத்திவைக்க வேண்டும். அணுச் சோதனையை நிறுத்தச் சொன்ன முதல் அரசுத் தலைவர் குரல்களில் ஒன்று அது. 1955 ஜனவரியில் இதே நேரு எங்கள் ஆவடிக்கு வந்து காங்கிரஸ் மாநாட்டில் சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டார். ஆவடி என்றால் பாடப் புத்தகத்தில் அந்த ஒரு வரிதான். அதே ஆண்டு டிசம்பரில் கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய ஐ.நா. ஒரு அறிவியல் குழுவை அமைத்தது, அதன் 15 தொடக்க உறுப்பு நாடுகளில் இந்தியா ஒன்று. 1956ல் டி.எஸ். கோத்தாரி தலைமையில் தயாரான, அணு வெடிப்புகளும் அவற்றின் விளைவுகளும் பற்றிய நூலை இந்திய அரசே வெளியிட்டது, நேருவின் முன்னுரையோடு. புதிதாய் சுதந்திரம் வாங்கிய ஏழை நாடு, வல்லரசுகள் தங்கள் மக்களிடம் சொல்லத் தயங்கியதை அச்சடித்து விற்றது.

1958 முடிவிலிருந்து மூன்று வருடம் வல்லரசுகள் சோதனையை நிறுத்திவைத்தன. 1961 செப்டம்பரில் சோவியத் மறுபடி ஆரம்பித்தது. அக்டோபர் 30ல் 50 மெகாடன் குண்டு. அமெரிக்காவும் விடவில்லை. பெரிய குண்டின் புகை அடுக்கு மண்டலம் வரை ஏறிவிடும். அங்கே மழை கிடையாது, ஆகவே மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் நடு அட்சரேகைப் பகுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி மழையில் கலக்கும். அதனால்தான் 1961, 62ல் போட்ட குண்டுக்கு 1963ல் உச்சம்.

1962 செப்டம்பர் 28. வெள்ளை மாளிகையில் கென்னடியின் எதிரே ஒரு 83 வயது தமிழர் உட்கார்ந்திருந்தார். ராஜாஜி. காந்தி அமைதி அறக்கட்டளையின் சார்பில் ஆர்.ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகியோருடன் போயிருந்தார். சோதனையை நிறுத்துங்கள் என்பதுதான் கோரிக்கை. ஒதுக்கப்பட்ட நேரத்தையும் தாண்டிப் பேச்சு நீண்டது. உள்நாட்டில் நேருவோடு எல்லாவற்றிலும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனிதர், சுதந்திரா கட்சியை ஆரம்பித்தவர். இந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே பக்கம். ராஜாஜி போனதால் சோதனை நின்றது என்று நான் சொல்ல வரவில்லை. சில வாரங்களில் கியூபா நெருக்கடி வந்தது, இந்தப் பக்கம் சீனப் போர் வந்தது, அந்த டிசம்பர் வரை வானத்தில் குண்டுகள் வெடித்துக்கொண்டுதான் இருந்தன. அதே வாரங்களில் பூந்தமல்லியில் வடகிழக்குப் பருவமழை, அண்டா, அப்பா.

1963 ஆகஸ்ட் 5ல் மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. வானிலும், விண்வெளியிலும், நீருக்கடியிலும் இனி அணுச் சோதனை இல்லை. மூன்றே நாளில் இந்தியா கையெழுத்திட்டது. பூமிக்கடியில் வெடிக்கலாம் என்ற ஓட்டை அதில் இருந்தது, 1974ல் பொக்ரானில் நாமே அந்த ஓட்டை வழியாகத்தான் போனோம். பிரான்சும் சீனாவும் கையெழுத்திடவில்லை. சீனா 1980 வரை லோப் நோரில் வானத்தில் வெடித்தது. இத்தனை இருந்தும் அந்தக் கிராஃப் 1963க்குப் பிறகு சரியத் தொடங்கி, சரிந்துகொண்டே வந்தது. பெரும்பாலான இடங்களில் இன்றைய மழை ஏறத்தாழ குண்டுக்கு முந்தைய மழை.

*

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "அப்ப எனக்கு ஏதாச்சும் ஆயிருக்குமா?"

நேர்மையான பதில்: உங்களைத் தனியாகக் குறித்து யாரும் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் அளவு மிகக் குறைவு. குண்டுகள் பெரும்பாலும் வெடித்தது வடக்கே. மேல்காற்று அதிகமாகக் கீழிறங்குவதும் அங்கேதான். நம் மழை கடலிலிருந்து வருவது, கடல் பழைய தண்ணீரைக் கலந்து நீர்க்கச் செய்துவிடும். ஐ.நா. குழுவின் கணக்குப்படி உச்ச ஆண்டான 1963ல் சோதனைகளால் உலக மனிதருக்குக் கிடைத்த சராசரி கதிர்வீச்சு 0.11 மில்லிசீவர்ட். இயற்கையாகவே ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு 2.4 கிடைக்கிறது. இருபதில் ஒரு பங்குக்கும் கீழே.

ஆனால் சராசரி என்பது ரோங்கலாப் குழந்தையையும் பூந்தமல்லிக் குழந்தையையும் கூட்டி வகுத்த எண். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தாய்மார்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து விழுந்த பால்பற்களைச் சேகரித்தார்கள். 3 லட்சத்துக்கும் மேல். எலும்பில் கால்சியம் போய் உட்காரும் இடத்தில் ஸ்ட்ரான்ஷியம்-90 உட்காரும். குண்டுக் காலத்தில் பிறந்த பிள்ளைகளின் பற்களில் அது பல மடங்கு ஏறியிருந்தது. அந்த எண்ணிக்கை ஒப்பந்தத்துக்கான வாதங்களில் ஒன்றாகப் பயன்பட்டது.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கம்மியோ ஜாஸ்தியோ, கேட்டுட்டு போட்டானுங்களா?" என்றார். இந்த முழு வரலாற்றின் சாரமும் எனக்கு அந்தக் கேள்விதான். ஃபிலிம் கம்பெனிக்குச் சொன்னார்கள். ஆயாவுக்குச் சொல்லவில்லை.

*

இந்தக் கறைக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. அது நிலத்தடி நீர்க்காரர்களின் கைக்கு ஒரு கடிகாரத்தைக் கொடுத்தது.

1963 மழை மண்ணுக்குள் இறங்கியது. அதற்கு அடுத்த வருடத்து மழை மேலே வந்து அழுத்த, அது இன்னும் கீழே போனது. சில வருடம் கழித்து மண்ணைத் தோண்டி, அடி அடியாக ஈரத்தை எடுத்து ட்ரிட்டியத்தை அளந்தால், எந்த ஆழத்தில் உச்சம் இருக்கிறதோ அதுதான் 1963. அதற்கு மேலே இருக்கும் தண்ணீர் அத்தனையும் அதற்குப் பின் உள்ளே போனது. வானத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்று தெரியும், எவ்வளவு உள்ளே போனது என்று இப்போது தெரிந்துவிட்டது. பம்பாய் நிறுவனத்தைச் சேர்ந்த ராமாவும் சுகிஜாவும் 1970களின் தொடக்கத்தில் இந்த முறையை இந்தியாவின் வறண்ட நிலங்களுக்குக் கொண்டுபோனார்கள். மழையில் கந்தகத்தைக் கண்ட அதே கோயல், கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து மேற்கு உத்தரப்பிரதேசத்தில், மிகச் சிறிய அளவு ட்ரிட்டியத்தை மண்ணில் செலுத்தி அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் ஆய்வில் பங்கேற்றார். ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் அதே உத்தியை நொய்யல் படுகைக்குக் கொண்டுவந்தது.

விடை நமக்கு ருசிக்காது. நொய்யலில் பெய்த மழையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நிலத்தடிக்குப் போகிறது. மிச்சமெல்லாம் ஆவியாகிறது, பயிர் குடிக்கிறது, ஓடிவிடுகிறது.

கிணற்று நீரில் ட்ரிட்டியம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்றால், அது 1950களுக்கு முன் பெய்த மழை. எவ்வளவு முன் என்று இந்தக் கடிகாரம் சொல்லாது, அதற்குக் கார்பன்-14 வேண்டும். நெய்வேலி சுரங்கத்தை ஒட்டிய ஆழ்நீரை அப்படி அளந்ததில், கடல் பக்கம் போகப்போக வயது கூடி 30,000 ஆண்டுகளைத் தொட்டது. சங்க காலம் நேற்று என்று தோன்ற வைக்கும் தண்ணீர்.

*

2019 கோடை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஏரிகள் வெடித்துக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்தது. ஆவடியில் எங்கள் தெருவில் தினமும் ஒரு போர் வண்டி. எங்கள் வீட்டிலும் பழைய போர் காற்று வாங்கியது, புதிதாகப் போட்டோம். களி, அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் மாவு மாவாக வரும் மென்பாறை, அதையும் தாண்டி இறங்கியது. ஈரம் பட்டதும் போர்க்காரர் உற்சாகமாக, "சார், இது பழைய தண்ணி சார், அசையாத தண்ணி" என்றார். அவர் நல்ல விஷயமாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. நான் அதை அளந்து பார்க்கவில்லை. ஆனால் அணுகுண்டையே பார்க்காத மழையாக அது இருந்தால், அதைச் சேமித்தவர்கள் நாங்கள் இல்லை. திரும்ப நிரப்பவும் எங்கள் ஆயுள் போதாது.

கடிகாரமும் தேய்ந்துகொண்டிருக்கிறது. 1963லிருந்து ஐந்து அரை ஆயுள் கடந்துவிட்டது. அன்று 32 பங்கு இருந்த ட்ரிட்டியத்தில் இன்று ஒரு பங்குதான் மிச்சம். கல்பாக்கம் போல கனநீர் உலைகள் இருக்கும் இடங்களில் அதைத் தொடர்ந்து அளக்கிறார்கள், அது தனிக் கணக்கு. குண்டின் தடயம் மட்டும் இயற்கை அளவோடு கலந்து மறைகிறது. இதை நல்ல செய்தி என்றுதான் சொல்ல வேண்டும். நிறுத்தினால் மழை தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல நிரூபணம் எனக்குத் தெரியாது. வானத்தைச் சுத்தம் செய்ய மூன்று கையெழுத்தும் சில பத்தாண்டுகளும் போதுமாக இருந்தன. பூமிக்கடியில் இருப்பதை உறிஞ்சி எடுப்பதற்கு எதிராக அப்படி ஒரு மாஸ்கோ இல்லை. தெருவுக்குத் தெரு நாமேதான் வல்லரசுகள்.

அந்த வருடம் பருவமழைக்கு முன்னால் மொட்டைமாடியின் மழைநீர்க் குழாயைச் சரிசெய்தோம். 2003லிருந்து சட்டப்படி எல்லா வீட்டிலும் இருக்க வேண்டியது, எங்கள் வீட்டில் பல வருடமாக எறும்புப் புற்றாக இருந்தது. பிளம்பர் குழாயின் அடியில் தனியாக ஒரு வால்வு வைத்தார். எதற்கு என்று கேட்டேன்.

"மொத மழைய வெளிய வுட்டுடணும் சார். அழுக்கெல்லாம் அதுலதான் வரும். அப்புறம் மூடிட்டா நல்ல தண்ணி குழிக்குப் போயிடும்."

அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "எங்கம்மா இதத்தான் சொல்லுவாங்க" என்றார்.

முதல் மழை அக்டோபரில் வந்தது. வால்வைத் திறந்து தெருவில் விட்டோம். இரண்டாவது மழைக்கு அப்பாவே போய் மூடினார்.